குடியை விட்டவர்களுக்கு: தினசரி பிரார்த்தனையும் இரவுக் கணக்கும் தொடங்குவது எப்படி?

குடியை நிறுத்தியவரைப் பார்த்து எல்லோரும் சொல்வது, "தினமும் பிரார்த்தனை பண்ணுங்க, மனசு தெளியும்." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன சொல்லி, கை நடுங்கும்போது எப்படி உட்கார்ந்து என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பலர் முதல் நாலு நாள் ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள், ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள். 'இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே' என்ற நினைப்பே அடுத்த கிளாஸுக்குக் காரணமாகிவிடுகிறது.

அந்த வீண் சுற்று உங்களுக்கு வேண்டாம். கீழே இருப்பது காலையில் பத்து நிமிடம், தவிப்பு வரும் வேளையில் மூன்று நிமிடம், இரவில் பத்து நிமிடம் பிடிக்கும் ஒரு முறை. இந்த மூன்றில் இரவுதான் முக்கியம். மறுபடி குடிப்பது கிளாஸைத் தொடும் நொடியில் தொடங்குவதில்லை. சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, ஒரு கோபத்தை விழுங்குவது, ஒரு சின்னப் பொய் என்று சில நாள் முன்பே தொடங்கிவிடும். அதை எழுத்தில் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

1. முதலில் டாக்டர்

பல மாதம், பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை வரலாம். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குக் குழப்பமும் காய்ச்சலும் வந்து, இல்லாத உருவம் தெரியும், குரல் கேட்கும்.

இந்தக் கடைசி விஷயத்தை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். குடியை நிறுத்திய மூன்றாம் நாள், பிரார்த்தனையில் உட்கார்ந்திருக்கும்போது குரல் கேட்டால், அதை அருள் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்து உட்காரக்கூடாது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாகக் குடித்தது எந்த நாள் எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். நடுக்கத்தில் இருக்கும்போது வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். அளவைக் குறைத்து எழுதாதீர்கள். மருந்தின் அளவு அந்தக் கணக்கையும் வைத்துத்தான் முடிவாகிறது.

பிரார்த்தனை தொடங்கியாயிற்று என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மன அழுத்தத்துக்கான மாத்திரைக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். டைசல்ஃபிராம் (மது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் மாத்திரை) சாப்பிடுபவர் சடங்குகளில் தரப்படும் ஒரு மிடறு மதுவையும் தொடக்கூடாது. அந்த மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு இருக்கும். மாத்திரை சாப்பிடாதவருக்கும் அந்த ஒரு மிடறு வேண்டாம். சடங்கை நடத்துபவரிடம் ஒரு நாள் முன்பே போய், "எனக்கு மது இல்லாமல் தர முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் நின்றுகொண்டு அந்த நேரத்தில் மறுப்பது கஷ்டம்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, சட்டைப்பையில் அடங்கும் ஒரு தடித்த அட்டை, ஒரு அலாரம் கடிகாரம். வேறு எதுவும் வேண்டாம். படம், விளக்கு, மாலை என்று உங்களுக்குப் பழக்கமானது எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இல்லாவிட்டால் உட்கார முடியாது என்ற நிலைக்குப் போகாதீர்கள். வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் இரவுகள்தான் ஆபத்தானவை. அங்கே நோட்டும் அட்டையும் மட்டும்தான் உங்களோடு வரும்.

அலாரத்துக்கு போனை வைக்காதீர்கள். காலையில் போனைத் தொட்டால் நேற்று இரவு வந்த செய்திகள் முன்னால் நிற்கும், அதில் பழைய கூட்டாளியின் அழைப்பும் இருக்கலாம்.

அட்டையில் ஒரு பக்கம் மூன்று பேரின் பெயரும் எண்ணும் எழுதுங்கள்: ஏற்கெனவே குடியை விட்டு நிலைத்த ஒருவர், வீட்டில் ஒருவர், சிகிச்சை தருபவர். மறுபக்கம் கீழே ஐந்தாம் பகுதியில் வரும் மூன்று வரி. தவிக்கும் நேரத்தில் போனில் பெயரைத் தேடும் பொறுமை இருக்காது, அதனால்தான் அட்டை.

செலவு என்று பார்த்தால் நோட்டும் பேனாவும்தான். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. உறுப்பினர்கள் விரும்பினால் போடும் காசில் நடக்கிறது, புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. உறுப்பினராக ஒரே நிபந்தனை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஒரே சடங்கில் குடியை மறக்கடித்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவர்களிடமிருந்து விலகி இருங்கள். அந்தப் பணம் போவதைவிட, அது பலிக்காதபோது 'கடவுளே என்னைக் கைவிட்டுவிட்டார்' என்று மனம் முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய சேதம்.

ஒரு சிறு குறிப்பு. நீதிமன்றமோ வேலை இடமோ நீங்கள் மீட்சியில் இருப்பதற்கு ஆதாரம் கேட்டால், இந்த நோட்டைக் காட்டாதீர்கள். அது உங்கள் மனக்கணக்கு. அவர்கள் ஏற்பது சிகிச்சை ஆவணங்களையும் வருகைச் சீட்டையும்தான். சில குழுக்கள் வருகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தரும், சில தராது. கூட்டம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. யாரிடம் பிரார்த்திப்பது?

உங்களுக்கு ஒரு கடவுள் இருந்தால் கேள்வியே இல்லை, அவரிடம் பேசுங்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் இங்கேதான் திரும்பிப் போய்விடுகிறார்கள். போக வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பின்பற்றும் மீட்சி வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்று வரும் இடத்திலேயே 'நாங்கள் புரிந்துகொண்ட வகையில்' என்ற சொற்களும் சேர்ந்தே இருக்கின்றன. கடவுளை நம்பாத பலர் தங்கள் குழுவையே தங்களை மிஞ்சிய பலமாக வைத்துக்கொள்கிறார்கள். இயற்கை, உண்மை, மனசாட்சி, எதுவானாலும் சரி. 'நான் ஒருவனாக இதைச் சமாளித்துப் பார்த்தேன், முடியவில்லை, துணை வேண்டும்' என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ள முடிந்தால் போதும். யாரிடம் சொல்கிறோம் என்பதைப் போகப் போகத் தீர்த்துக்கொள்ளலாம்.

கடவுள் மேலேயே கோபமாக இருப்பவர் அந்தக் கோபத்தைச் சொல்லியே தொடங்கலாம். அதுவும் பிரார்த்தனைதான்.

4. காலை: பத்து நிமிடம்

எழுந்து முகம் கழுவியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன். தினமும் ஒரே இடம், ஒரே நாற்காலி. முதல் வாரங்களில் சம்மணம் போட்டு உட்கார உடம்பு இடம் தராது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் தொடையில் ஊன்றி வையுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, பத்து முறை. வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் படபடப்பைத் தணிக்கும். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

அடுத்து பிரார்த்தனை, வாய்விட்டு. முணுமுணுத்தால்கூடப் போதும், மனதுக்குள் மட்டும் சொல்லாதீர்கள். மனதுக்குள் சொன்னால் இரண்டாவது வரியிலேயே எண்ணம் கடன்காரனிடம் போய்விடும். உங்கள் மதத்தின் பிரார்த்தனை மனப்பாடமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த அளவு போதும்:

"இன்று ஒரு நாள் நான் குடிக்காமல் இருக்க வேண்டும். என் பலம் மட்டும் போதாது. துணை இருங்கள். என்னால் மாற்ற முடியாததை ஏற்கவும், முடிந்ததைச் செய்யவும், எது எது என்று தெரியவும் உதவுங்கள்."

'இனி வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். வாழ்நாள் என்ற அளவு பயமுறுத்தும், அந்தப் பயமே குடிக்கத் தள்ளும். கேட்பது இன்றைக்கு மட்டும். நாளைக்கு நாளைக் காலை கேட்டுக்கொள்ளலாம். பேரம் பேசும் பிரார்த்தனையும் வேண்டாம். 'மனைவி திரும்பி வந்தால் நான் குடிக்கமாட்டேன்' என்று தொடங்கினால், அவர் வராத நாளில் குடிக்க நீங்களே உங்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து மூன்று நிமிடம் வாசிப்பு, ஒரு பத்தி மட்டும். மறைநூலோ, மீட்சிக் குழுக்கள் தரும் நாளுக்கொரு பக்கமோ, எதுவானாலும். படித்ததில் ஒரு சொல்லையோ ஒரு வரியையோ நோட்டில் எழுதுங்கள். நாலு பக்கம் படித்து ஒன்றும் எழுதாததைவிட, நாலு வரி படித்து ஒரு சொல் எழுதுவது மேல்.

மிச்ச நேரத்தில் இன்றைய நாளை மணி வாரியாக மனதில் ஓட்டிப் பாருங்கள். எந்த மணி ஆபத்து? அதை எழுதி, பக்கத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். 'மாலை 7, திருமண வரவேற்பு. பரிமாறத் தொடங்கினால் வெளியே வந்து அட்டையில் முதல் எண்ணைக் கூப்பிடுவேன். 8 மணிக்குக் கிளம்புவேன்.' 'கவனமாக இருப்பேன்' என்று எழுதினால் அது திட்டமாகாது. எந்த நேரம், எந்த இடம், என்ன செய்கை என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

5. தவிப்பு வரும் நேரம்: மூன்று நிமிடம்

குடிக்க வேண்டும் என்ற வேகம் அலைபோல ஏறி இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பிரார்த்தனையால் அந்த அலையை அழித்துவிட முடியாது. அலை இறங்கும்வரை கையைக் கட்டிப்போட அது உதவும். அட்டையின் பின்பக்கத்தில் எழுத வேண்டிய வரிகள்:

இடத்தை விட்டு நகர்.
மூச்சு பத்து, 'இந்த அரை மணி நேரம் மட்டும் துணை இரு.'
போன் போடு.

வரிசை முக்கியம். கடை வாசலில் நின்றுகொண்டு கண்ணை மூடிப் பிரார்த்திப்பவர் அநேகமாக உள்ளே போய்விடுவார். முதலில் கால் நகர வேண்டும். மூன்றாவது வரியைத் தவிர்க்க மனம் நூறு சாக்குச் சொல்லும், 'அவர் தூங்குவார், தொந்தரவு' என்று. குடியை விட்டு நிலைத்தவர்கள் அந்த அழைப்புக்காகத்தான் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

போன் எடுக்கும் முன் வயிற்றைக் கவனியுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஒன்று பல நேரம் தவிப்புக்குப் பின்னால் இருக்கும். பசியாக இருந்தால் முதலில் சாப்பிடுங்கள். முதல் சில மாதங்களில் நோன்பு, விரதம் இருப்பதை டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பக்திக்காகப் பட்டினி கிடந்து, மாலையில் பசியைத் தவிப்பு என்று எண்ணி விழுந்தவர்கள் உண்டு.

6. இரவு: கணக்கு எழுதுவது

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எழுதுங்கள். படுக்கையில் வைத்து எழுதினால் தூக்கம் கெடும். குடியை விட்ட முதல் வாரங்களில், சிலருக்கு மாதங்கள் வரைகூட, தூக்கம் ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கும்.

நான்கே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் மூன்று வரி.

அ. இன்று குடிக்கும் எண்ணம் எத்தனை மணிக்கு வந்தது? அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது?
ஆ. யார் மேல் கோபம் அல்லது வருத்தம்? அதில் என் பங்கு என்ன?
இ. எதை மறைத்தேன்?
ஈ. இன்று கிடைத்த நல்லது எது?

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

அ. மாலை 6.40, பஸ்ஸில். மதியம் சாப்பிடவில்லை. 5.30க்கு மேலாளர் எல்லோர் முன்னாலும் கணக்குத் தப்பு என்றார்.
ஆ. மேலாளர். தப்பு இருந்தது உண்மை. திங்கட்கிழமையே தெரியும், சொல்லவில்லை.
இ. வீட்டில் 'இன்று நல்லாப் போச்சு' என்றேன்.
ஈ. மகள் கணக்குப் பாடம் கேட்டாள். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு பக்கமாகப் பார்த்தால் சாதாரணம். பத்து நாள் கழித்து 'அ' வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 6.40, 6.15, 7.00, 6.30. நாலு நாளில் மூன்று நாள் 'மதியம் சாப்பிடவில்லை'. அப்போது செய்ய வேண்டியது தெரிந்துவிடும்: மதியச் சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது, 5 மணிக்கு ஏதாவது வயிற்றுக்குப் போக வேண்டும், அந்த பஸ்ஸில் தனியாக வரக்கூடாது. இந்தத் தெளிவு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் கிடைக்காது, ஏனென்றால் நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும். மணியையும் நிகழ்ச்சியையும் எழுதச் சொல்வது அதனால்தான்.

'இ' வரியைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். தொடர்ந்து ஐந்து நாள் 'எதுவும் இல்லை' என்று வந்தால் அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஆ' வரியில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள், அடுத்தவர் குற்றப்பத்திரிகை வேண்டாம். அதே சமயம் உங்களை அடித்தவர், கொடுமைப்படுத்தியவர் விஷயத்தில் 'என் பங்கு' தேடாதீர்கள். அதை ஆலோசகரிடம் கொண்டுபோங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதும்போதே தோன்றும். அந்த இரவே போன் போட வேண்டாம். பெயரை எழுதி, மறுநாள் பகலில் கேளுங்கள். இரவு 11 மணி மன்னிப்பு பெரும்பாலும் சண்டையில் முடியும்.

எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு ஒரு வரி: "இன்று குடிக்காமல் படுக்கிறேன். நன்றி." அவ்வளவுதான். நோட்டைப் பூட்டி வையுங்கள், இதை யாரும் படிக்கக்கூடாது என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். படிப்பார்களோ என்ற பயம் இருந்தால் பொய்தான் எழுதுவீர்கள்.

எழுதும்போது 'நான் உயிரோடு இருந்து என்ன பயன்' என்பது போல ஒரு வரி வந்தால், அன்று பிரார்த்தனையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அட்டையில் உள்ள எண்ணையோ அவசர உதவியையோ அப்போதே கூப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

7. வாரம் ஒருமுறை இன்னொருவரிடம்

தனியாக எழுதும் கணக்கில் நம்மை ஒன்று அதிகமாகத் திட்டுவோம், இல்லை அதிகமாக மன்னித்துவிடுவோம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், உங்கள் ஸ்பான்சரிடமோ (குழுவில் உங்களுக்கு வழிகாட்டும், குடியை விட்டு நிலைத்தவர்) ஆலோசகரிடமோ நோட்டை வைத்துப் பேசுங்கள். முழுக்கப் படித்துக் காட்ட வேண்டாம், 'அ'வும் 'இ'யும் போதும். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே காயம்பட்டவர்கள், காவலாளி வேலையும் அவர்கள் தலையில் விழக்கூடாது. கூட்டங்களுக்குப் போகாமல் பிரார்த்தனை மட்டும் போதும் என்று ஒதுங்குவதும் ஒரு எச்சரிக்கை அறிகுறி. தனிமைக்குப் பக்திச் சாயம் பூசினாலும் தனிமை தனிமைதான்.

8. எத்தனை நாளில் பழக்கமாகும்?

21 நாள் என்று பலர் சொல்வார்கள், அதை நம்பி 22ஆம் நாள் ஏமாறாதீர்கள். புதுப் பழக்கம் தானாக ஓட எவ்வளவு காலம் ஆகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பார்த்தபோது நடுமதிப்பு 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் இரட்டிப்பு நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம், மறுநாள் வழக்கமான பத்து நிமிடம் போதும்.

முதல் சில வாரங்களில் உட்கார்ந்தால் அமைதி வராது, எரிச்சல்தான் வரும். இத்தனை நாள் மது மரக்கடித்து வைத்திருந்ததெல்லாம் மேலே வருவதால் அப்படி. கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வந்து பயமுறுத்தினால், கண்ணைத் திறந்தபடி ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள், நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். நீண்ட மௌனத் தியான முகாம்களை முதல் வருடத்தில் தள்ளிவைப்பது நல்லது.

சில மாதம் கழித்து எதிர்ப்பக்கத்து ஆபத்து வரும். எல்லாம் நன்றாகப் போகும், 'அ' வரியில் தொடர்ந்து 'எண்ணம் வரவில்லை' என்று எழுதுவீர்கள், பிறகு எழுதுவதையே நிறுத்துவீர்கள். அந்த நாட்களில் இரவுக் கணக்கை இரண்டு வரியாகச் சுருக்கினாலும் சரி, நோட்டைத் திறப்பதை மட்டும் விடாதீர்கள்.

9. சறுக்கிவிட்டால்

குடித்துவிட்டீர்கள். முதலில் அதற்கு மேல் குடிக்காமல் நிறுத்தி, அட்டையில் முதல் எண்ணுக்குப் போன் போடுங்கள். 'விரதம் முறிந்துவிட்டது, இனி என்ன' என்ற நினைப்பில்தான் ஒரு கிளாஸ் ஒரு வாரமாக நீள்கிறது. போதையோடு பிரார்த்தனையில் உட்காரவோ, அழுதுகொண்டே புதுச் சத்தியம் எழுதவோ வேண்டாம். தூங்குங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மறுபடி நிறுத்தும்போது முதல் பகுதியில் சொன்ன ஆபத்து அத்தனையும் திரும்ப வரும், டாக்டர் வேண்டும். டைசல்ஃபிராம் சாப்பிட்டிருந்தால் ஒரு மிடறு குடித்திருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தெளிந்த பிறகு அதே நோட்டில், அதே பக்க வரிசையில் எழுதுங்கள். புது நோட்டு வாங்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். குடித்த நாளின் தேதியைப் போட்டு, அதற்கு முந்தைய ஏழு நாட்களின் 'அ', 'இ' வரிகளைத் திரும்பப் படித்து, எந்த நாளில் முதல் அறிகுறி தெரிகிறது என்று ஒரு வட்டம் போடுங்கள். பெரும்பாலும் அது குடித்ததற்குச் சில நாள் முன்னால் இருக்கும். அடுத்த சந்திப்பில் உங்கள் ஸ்பான்சரிடம் காட்ட வேண்டியது அந்த வட்டத்தைத்தான்.